அப்பா இருந்த ரெஜிமென்ட்

ராணுவ அகாடமியில் பயிற்சி முடிய நான்கைந்து மாதம் இருக்கும்போது எங்கள் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். அதிகாரியாக வெளியே போகும்போது எந்தப் படைக்குப் போக விருப்பம் என்று வரிசையாக மூன்று எழுத வேண்டும். பீரங்கிப் படை, சிக்னல்ஸ், என்ஜினியர்ஸ், சப்ளை, இப்படி. அதற்குக் கீழே தனியாக ஒரு கட்டம். அப்பாவோ அம்மாவோ ராணுவத்தில் இருந்தவர்கள் என்றால், அவர்கள் இருந்த அதே ரெஜிமென்ட்டைப் பிள்ளைகள் உரிமையோடு கேட்கலாம். இடம் இருந்தால் தருவார்கள், மார்க் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பெரிதாகப் பார்ப்பதில்லை. என் அப்பா பதினேழு வருடம் ஒரு பீரங்கி ரெஜிமென்ட்டில் இருந்தவர். பெண்களையும் இப்போது அங்கே எடுக்கிறார்கள். எனக்காகவே அச்சடித்து வைத்த கட்டம் அது. அதைக் காலியாக விட்டுவிட்டு, படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஐந்து நாள் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து கொல்லிமலைக்குப் பஸ் ஏறினேன்.

ஏன் காலியாக விட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இழுத்துக்கொண்டு போனால் எனக்கே என் மேல் எரிச்சல் வரும். அப்பா அந்த ரெஜிமென்ட்டில் பீரங்கி சுடவில்லை. ஆபீசர்ஸ் மெஸ்ஸில் வெயிட்டராக இருந்தார். அதிகாரிகள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், இவர் வெள்ளை உடுப்பும் கையுறையும் போட்டுக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்று பரிமாறுவார். அதில் அவருக்கு ஒரு துளி வெட்கமும் கிடையாது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மலையில் எந்தக் கல்யாணம் என்றாலும் பந்தி அவர் பொறுப்புதான். இலைக்கு இடப்பக்கம் நின்று வை, சாப்பிடுகிறவன் தலைக்கு மேலே கையை நீட்டாதே என்று இளவட்டங்களை விரட்டிக்கொண்டிருப்பார். "பட்டாளத்துப் பந்தி டோய், ஒளுங்கா உக்காருங்க" என்று ஊரே கிண்டலடிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வெட்கம் எல்லாம் எனக்குத்தான். அதுவும் அகாடமிக்குப் போன பிறகு வந்த வெட்கம்.

அங்கே சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு சம்பிரதாய விருந்து. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் ஒரு வெயிட்டர் இரண்டு சொட்டு சூப்பைச் சிந்திவிட்டார். வயதானவர், கை நடுங்குகிற வயது. அந்தப் பெண் அவரைத் திட்டக்கூட இல்லை. அவர் அங்கே நிற்கவே இல்லை என்பது மாதிரி பக்கத்தில் இருந்தவளிடம் இங்கிலீஷில், "இந்த ஆட்கள் எங்கே போனாலும் ஒரே மாதிரிதான்" என்றாள். சொல்லிவிட்டு அதே மூச்சில் என் பக்கம் திரும்பினாள். கத்தியையும் முள்கரண்டியையும் அப்பா பழக்கியபடி நான் பிசகாமல் பிடித்திருந்ததைப் பார்த்து, "உன் அப்பா ராணுவமா?" என்று கேட்டாள். ஆமாம், பீரங்கிப் படை என்றேன். அதிகாரியா? இல்லை, சிப்பாய்க்கு இரண்டு படி மேலே, நாயக். "ஓ, அப்படியென்றால் பீரங்கியில் நின்றவர்" என்று அவளே சொன்னாள்.

பொய்யை அவள் தட்டில் வைத்து நீட்டினாள், நான் எடுத்துக்கொண்டேன். "ஆமாம்" என்றேன். அந்த வயதானவர் அப்போது எனக்குப் பின்னால்தான் நின்றார்.

அவள் ஒரு கர்னலின் மகள். தாத்தா காலத்திலிருந்து ஒரே ரெஜிமென்ட். "எங்கள் ரெஜிமென்ட்" என்றுதான் பேசுவாள், நாம் நம் காட்டைச் சொல்வது மாதிரி. அகாடமியில் பாதிப் பேர் அப்படித்தான். எந்த ரெஜிமென்ட்டில் எப்படிப்பட்ட தொப்பி, எந்த மெஸ்ஸில் எவ்வளவு வெள்ளிப் பாத்திரம், யார் வீட்டுக்கு யார் பழக்கம் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். என்னை மாதிரி மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவோம். அந்த "ஆமாம்" வந்த பிறகு எனக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்தது. நான் சும்மா இருக்கவில்லை.

எங்கள் கம்பெனிக்கு, அதாவது எங்கள் பயிற்சிப் பிரிவுக்கு, பொறுப்பான மேஜர் பீரங்கிப் படைக்காரர். விஷயம் அவர் காதுக்குப் போய், கூப்பிட்டு விசாரித்தார். அப்பா எந்த நம்பர் என்று கேட்டார். ஒரு பீரங்கிக்கு ஒரு குழு, ஆளுக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு வேலை. மூன்றாம் நம்பர் என்றேன். எப்படி வாயில் வந்தது என்று கேட்டால், அப்பாவிடம் கேட்டதுதான். நாற்காலிக்குப் பின்னால் பதினேழு வருடம் நின்று அதிகாரிகள் பேசியதையெல்லாம் காதில் வாங்கியவர் அவர். சின்ன வயதில் எனக்கு அதெல்லாம் கதை. அதோடு விட்டிருக்கலாம். பனிமலையில் சண்டை நடந்தபோது அப்பா குண்டுகளைத் தோளில் சுமந்து மேலே ஏறினார் என்றும் சொன்னேன். அவர் ஏறியது உண்மை. மேலே எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது, பீரங்கி நின்ற இடத்துக்கு சூடு ஆறாமல் சோறும் பருப்பும் கொண்டுபோனார். சோற்றுப் பாத்திரத்தை எடுத்துவிட்டுக் குண்டை வைத்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. மேஜருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மறுநாள் அணிவகுப்பில் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டி, இவள் உடம்பில் ஓடுவது பீரங்கிக்காரனின் ரத்தம் என்றார். கை தட்டினார்கள்.

அகாடமியில் எத்தனை தப்புக்கு மன்னிப்பு உண்டோ தெரியாது, பொய்க்கு மட்டும் கிடையாது. பொய் சொல்லி மாட்டியவர்களை மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். அப்பாவின் ரெஜிமென்ட்டை நான் கேட்டால் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டியாக வேண்டும். ராணுவத்தை விட்டு வரும்போது கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. பெயர், ஊர், பார்த்த வேலை எல்லாம் அதில் இருக்கும். கேட்காமல் விட்டால், பீரங்கிக்காரன் மகள் ஏன் பீரங்கியைக் கேட்கவில்லை என்று மேஜர் கேட்பார். இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றேன்.

செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்பா குடையோடு நின்றார். சலவைச் சட்டை, மழித்த முகம். காட்டுக்கு மிளகு பறிக்கப் போனாலும் அப்படித்தான் போவார். பையை வாங்கிக்கொண்டு முதலில் கேட்டதே அதுதான்.

"கண்ணு, அந்த பாரம் குடுத்தாங்களா?"

"எந்த பாரமுங்கப்பா?"

"எந்தப் படைக்குப் போறீன்னு எளுதச் சொல்லிக் குடுப்பாங்களே. புதுசா வர்ற ஆபீசருங்க அதப் பத்திப் பேசுனா நாளெல்லாம் பேசுவாங்க."

"இன்னும் குடுக்கலீங்கப்பா."

"குடுப்பாங்க, குடுப்பாங்க" என்று முன்னால் நடந்தார். பையிலிருந்த படிவத்தை அவரே சுமந்துகொண்டு போனார்.

இரண்டு நாள் தலையைக் காட்டிவிட்டு மூன்றாம் நாள் ஓடிவிடுவது என் திட்டம். அன்று பிடித்த மழை அந்தத் திட்டத்தில் மண்ணைப் போட்டது. மறுநாள் காலையில் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கும் மலைச்சாலையில் பாறை விழுந்து, பஸ் நின்றுபோனது. வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அப்படியும் அப்பா பேசினார். நான் எங்கே போவேன்? வாசலில் மழை, உள்ளே அப்பா.

"மேசை இம்மாம் நீளமிருக்கும் கண்ணு. நடுவுல ரெஜிமென்ட்டுக்கே பெரியவரு, சி.ஓ. சாப் உக்காருவாரு. இருக்கறதுலயே சின்ன ஆபீசரு இந்தக் கோடியில. மொத வருசம் உனக்கு அந்த நாற்காலிதான்."

"ம்."

"அந்தக் கோடியில நிக்கறதுதான் என்னோட வேலை. பதினேளு வருசத்துல எத்தன புள்ளைங்க அந்த நாற்காலில வந்து உக்காந்து பெரிய ஆளாப் போயிருக்குது தெரியுமா? நடுங்கிக்கிட்டே வருவாங்க. ஸ்பூன தப்பா எடுத்தா, பின்னால நின்னுக்கிட்டு மெல்லமா கனைப்பேன். டக்குன்னு மாத்திக்குவாங்க. நீ உக்காந்தீன்னா ஆரும் கனைக்க வேண்டியதில்ல."

"ஏனுங், உங்க மெஸ் பொராணத்த சித்த நேரம் நிறுத்துங்க" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். "புள்ள நிம்மதியா களி திங்கட்டும். இங்கியும் பின்னால நின்னு கனைச்சுப்போடாதீங்க."

அப்பா சிரித்தார். நான் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அவருடைய ஆசை அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். அவர் நின்ற இடத்துக்கு முன்னால் இருந்த நாற்காலியில் நான் உட்கார வேண்டும். வேறு எந்த ரெஜிமென்ட்டில் நான் ஜெனரலே ஆனாலும் அவருக்கு அது இரண்டாம்பட்சம். அந்த மெஸ்ஸில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். நான் போய் உட்கார்ந்த முதல் நாளே, "நம்மாளு பொண்ணு" என்று ஓடி வருவார்கள். அன்றைக்கே என் பொய் உடைந்துவிடும்.

மழை கொஞ்சம் ஓய்ந்தால் போதும், யாராவது சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். "என்ன சாமி, அப்பன் பட்டாளத்துக்கே ஆபீசரா போறியாமே!" அப்பா மலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். "இன்னும் முடிவாகலீங்க" என்பேன். "அதெல்லாம் ஆயிரும், உங்கொப்பன் கேட்டா குடுக்காமயா போயிருவாங்க?" என்பார்கள். அவர்கள் நினைப்பில் அப்பா அங்கே அவ்வளவு வேண்டியவர். அது பொய்யும் இல்லை. அவரைப் பிடிக்காத அதிகாரியே இருந்திருக்க மாட்டார் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் போன பிறகு நான் சும்மா அம்மா மேல் எரிந்து விழுவேன். துண்டு ஈரமாக இருக்கிறது, காப்பியில் சர்க்கரை ஜாஸ்தி, கூரை ஒழுகுகிறது. என்னடி வந்திருக்கு உனக்கு என்று அம்மா பார்ப்பாள்.

சாடைமாடையாகச் சொல்லியும் பார்த்தேன். சிக்னல்ஸ் போனால் படிக்க விடுவார்களாம், பெண்களுக்கு அதுதான் நல்லது என்கிறார்களாம் என்றேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். "அதுவும் நல்ல படைதான் சாமி. அதுக்குத்தான் எத்தனையோ பேரு இருக்காங்களே" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார். முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு.

"கண்ணு, உங்கிட்ட ஒரு சமாச்சாரம் சொல்லாம வெச்சிருந்தேன். பாரம் வரட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு பாத்தேன். மனசு கேக்கல."

"என்னங்கப்பா?"

"பெத்தவன் ஒரு அப்ளிகேசன் எளுதிக் குடுக்கோணுமில்ல? அதப் போட்டுட்டேன். டிஸ்சார்ஜ் புக்க ஜெராக்ஸ் எடுத்து, ஸ்கூல் எச்செம்முகிட்ட கையெளுத்து வாங்கி, உங்க மேஜரு பேருக்கே ஸ்பீட் போஸ்ட். மளைக்கு முந்துன நாளே கீள எறங்கிருச்சு. நீ திரும்பிப் போறதுக்குள்ள அவரு மேசையில இருக்கும்."

ராணுவத்தில் இருந்தவர், ஒரு வேலையை நாளை என்று தள்ளிப் போடத் தெரியாதவர். வேறு எந்த அப்பனாவது பிள்ளை கேட்கும் முன்னால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஓடுவானா? அந்தக் கவர் சென்னையில் ஒரு மேசையில் கிடக்கிறது. மேஜர் வந்து பிரிப்பார். பார்த்த வேலை: மெஸ் வெயிட்டர். அவ்வளவுதான், என் கதை முடிந்தது.

"யாருங்க உங்களக் கேட்டது?" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அப்பாவிடம் அப்படிக் கத்தியதில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? எல்லாத்துலயும் மூக்க நுழைக்கோணுமா? எனக்கு அந்த ரெஜிமென்ட் வேண்டாம்! அங்க போனா நான் செத்தேன்!"

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். அப்பா சிரிப்பை இன்னும் முகத்திலிருந்து எடுக்கவில்லை. எடுக்க மறந்துவிட்டார்.

"ஏன் கண்ணு?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். வேறு ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம், பொய்க்கா எனக்குப் பஞ்சம். ஆனால் மூன்று நாளாக அடக்கி வைத்தது மொத்தமாக வந்துவிட்டது. "அங்க எல்லார்கிட்டயும் நீங்க பீரங்கி சுட்டீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். அந்த மேஜருகிட்டயும். அந்தப் புக்க அவரு பாத்தா என்னய வெளிய தொரத்திருவாங்க. இப்பப் போதுமா?"

மழை கொஞ்சம் விட்டிருந்தது அப்போது. அதனால் நான் சொன்னது ஒவ்வொன்றும் நன்றாகக் கேட்டது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். அறைவார் என்று நினைத்தேன். அறைய வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன், சத்தியமாக. அவர் சட்டைக் கைமடிப்பைச் சரி செய்தார். பிறகு, "எந்த நம்பருன்னு சொன்ன?" என்று கேட்டார்.

"மூணாம் நம்பருன்னு."

"மூணாம் நம்பரா." யோசித்தார். "நல்ல வேலைதான்."

அவர் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"என்னயக் கூப்புட்டுக் கேட்டாங்கன்னா சுட்டேன்னே சொல்லிப்போடறேன் சாமி. அந்த வேலையெல்லாம் எனக்குத் தெரியும், வாயில சொல்லீருவேன். ஆனா புக்குல எளுதிக் கெடக்குதே, அத என்ன பண்றது?"

அம்மாதான் அழுதாள். அப்பாவைப் பார்த்து அழுதுவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினாள். "பரிமாறுன கைடி அது. திருடுன கையில்ல. அந்தக் கையிலதான்டி நீ தின்னு வளந்த." அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. தட்டைத் தரையில் ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். வெளியே போக வழியில்லை, உள்ளே இருக்க முகமில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் எங்கள் ஊரில் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே போய் யாருக்குப் பேசுவது, என்ன பேசுவது?

நான்காம் நாள் காலையில் அப்பா குளித்து, சட்டை போட்டு, குடையை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். அகாடமியில் என்னைச் சேர்த்த அன்று, எதுவென்றாலும் கூப்பிடுங்கள் என்று மேஜர் பெற்றோர்களுக்கெல்லாம் கொடுத்த நம்பர் அவரிடம் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தொடைவரை நனைந்து திரும்பி வந்தார்.

"முடிஞ்சுது. கவர் வந்திருக்குதாம். பிரிக்க மாட்டாங்க. அப்பிடியே உங்கிட்ட குடுத்துருவாங்க. நீ உனக்குப் புடிச்சத எளுது."

"என்னங்கப்பா சொன்னீங்க?"

"சொல்ல வேண்டியதச் சொன்னேன். அத வுடு."

நான் விட்டுவிட்டேன். இன்னொரு தடவை கேட்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, அதுதான் உண்மை. அன்று மத்தியானம் நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள், சாலை இன்னும் திறக்காததால், மலையின் அந்தப் பக்கமாக முள்ளுக்குறிச்சிக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு பிக்கப்பில் அப்பா எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். டிரைவரிடம், பார்த்து மெதுவாக ஓட்டச் சொன்னார். "போயிட்டு வாரேங்கப்பா" என்றேன். "போயிட்டு வா சாமி, தைரியமா இரு" என்றார். தாருக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்தபடி இறங்கினேன். வண்டி மலையை விட்டு இறங்க இறங்க நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை.

அகாடமிக்குத் திரும்பிய மறுநாள் மேஜர் கூப்பிட்டார். மேசையில் கவர் இருந்தது, பிரிக்காமல். உட்கார் என்றார். அதுவே புதிது. கேடட்டுகளை அவர் உட்காரச் சொல்லிப் பார்த்ததில்லை. உன் அப்பா நன்றாக இந்தி பேசுகிறார் என்று ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்தி நிறுத்தி, என் மனம் நோகக் கூடாது என்று வார்த்தை தேடித் தேடிச் சொன்னார்.

அப்பா போனில் சொன்னது இது. நான் பீரங்கியில் மூன்றாம் நம்பராக இருந்தேன், சாப். டியூட்டியில் குடித்துவிட்டு நின்றேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. தண்டனை வாங்கி, பெயர் கெட்டு வெளியே வந்தேன். ஆசையில் அப்ளிகேசன் போட்டுவிட்டேன், இப்போது யோசித்துப் பார்க்கிறேன். என் மகள் அங்கே போனால் குடிகாரன் மகள் என்றுதான் பார்ப்பார்கள். அந்தப் புக்கைப் பார்த்து நீங்களும் அவளை அப்படி நினைத்துவிடக் கூடாது. தயவுசெய்து பிரிக்காதீர்கள். அவளை வேறு எங்கேயாவது அனுப்புங்கள்.

என் அப்பா கள்ளைக்கூடத் தொட்டதில்லை. பதினேழு வருடம் பாட்டில்களுக்கு நடுவிலேயே வேலை பார்த்துவிட்டு, ஒரு சொட்டு நாக்கில் வைக்காமல் வந்தவர். பொய்யை நான் ஆரம்பித்தேன். அதை உடைக்காமல், அதற்கு மேலே இன்னொன்றைக் கட்டி, என்னை மட்டும் வெளியே எடுத்துவிட்டு அவர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இல்லை சார், அவர் வெயிட்டர், நான்தான் பொய் சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயம். வாய் வரைக்கும் வந்தது. மேஜர், "அப்பாவின் தப்புக்கு நீ பொறுப்பில்லை. இவ்வளவு நாள் அதை மனதில் வைத்துக்கொண்டு நீ பயிற்சி செய்திருக்கிறாய். தைரியசாலி" என்றார்.

"யெஸ் சார்" என்றேன்.

அறைக்கு வந்து கவரைப் பிரித்தேன். ஜெராக்ஸில் எல்லாம் தெளிவாக இருந்தது. பார்த்த வேலை, மெஸ் வெயிட்டர். நடத்தை என்ற இடத்தில், ராணுவம் ஒருவனுக்குக் கொடுக்கக்கூடியதிலேயே உயர்ந்த சொல். பதினேழு வருடத்தில் ஒரு தண்டனைகூட இல்லை. அடுத்த வாரம் படிவத்தில் முதல் விருப்பமாக சிக்னல்ஸ் என்று எழுதினேன். கிடைத்தது.

பயிற்சி முடிந்து வெளியேறுகிற அன்று, பெற்றவர்கள்தான் பிள்ளைகளின் தோளில் நட்சத்திரத்தைக் குத்த வேண்டும் என்பது வழக்கம். அம்மாவும் அப்பாவும் சேந்தமங்கலத்தில் வாங்கிய புதுத் துணியோடு வந்திருந்தார்கள். அப்பா என் இடது தோளில் குத்தினார். கை நடுங்கவில்லை. அம்மாவுக்குத்தான் ஊசி ஏறவில்லை, அப்பா பிடித்துக் கொடுத்தார். இரண்டு பேர் கண்ணும் நிறைந்திருந்தது. என்னுடையதும்தான். அந்த அரை நிமிடம் நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

பிறகு தேநீர். மேஜர் ஒவ்வொரு குடும்பமாக வந்தார். கர்னலின் மகளுடைய வீட்டாரிடம் சிரித்துப் பேசினார். அதற்கு அடுத்து ஒரு விவசாயி, அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். இன்னொரு பையனின் அப்பா பஸ் கண்டக்டர், அவர் தோளில் தட்டினார். யாரையும் அவர் தாழ்வாகப் பார்க்கவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். எங்களிடம் வந்தார். அம்மாவுக்குக் கும்பிட்டார். அப்பா விறைப்பாக நின்று, "ஜெய்ஹிந்த் சாப்" என்றார்.

மேஜர் கையை நீட்டவில்லை. அப்பாவின் முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்து, லேசாக மூச்சை இழுத்துப் பார்த்தார். காலை பதினொரு மணிக்கு.

அப்பாவுக்குப் புரிந்தது. நிமிர்ந்து நின்ற மனிதர் தோளைத் தளர்த்தினார். கண்ணைத் தாழ்த்தி, ஒரு குடிகாரன் அதிகாரியின் முன்னால் நிற்கிற மாதிரி, தரையைப் பார்த்து நின்றார். மேஜர் தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, கை குலுக்கி, வாழ்த்திவிட்டு அடுத்த குடும்பத்துக்குப் போனார்.

அம்மா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங், எல்லாருக்கும் கையக் குடுத்தாரு, உங்களுக்கு மட்டும் ஏன் குடுக்கல?"

"பெரிய ஆபீசரு. ஆயிரம் சோலி இருக்கும்" என்றார் அப்பா.

அம்மா நம்பவில்லை. என்னைப் பார்த்தாள், நான் சொல்வேன் என்று. மேஜர் இன்னும் பத்தடி தூரத்தில்தான் இருந்தார், கூப்பிட்டால் திரும்பியிருப்பார்.

"ஆமாங்கம்மா" என்றேன். "அவருக்கு சோலி ஜாஸ்தி."